வெப்பம் வேறு, வெப்பநிலை வேறு

மார்ச் மாதக் கடைசியில் பார்க் எக்ஸ்டென்ஷன் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "வெளியில 5 பாகை எண்டு போன் காட்டுது. பிறகு ஏன் இந்தப் பனி இன்னும் கரையேல்லை?" ஜாரி வீதி ஓரத்தில் குவித்துவிட்ட பனி கறுத்து இறுகிப்போய் ஏப்ரல் வரை கிடக்கும். 0 பாகையில் பனி உருகும் என்று பள்ளியில் படிப்பித்திருக்கிறார்கள். 5 பாகை வந்த பிறகும் அது ஏன் அப்படியே கிடக்கிறது?

கேள்வி சிறியது. ஆனால் இதற்கு விடை காண மனிதருக்கு ஏறத்தாழ 150 வருடங்கள் எடுத்தன. வெப்பம் என்பது ஒன்று, வெப்பநிலை என்பது இன்னொன்று என்று பிரித்து அறிந்த பிறகே விடை கிடைத்தது. ஞாயிறு பாடசாலையிலும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பிலும் சிறுவர்களோடு இருக்கும் வாலிபர் எங்களில் பலர். ஆகவே இந்த வரலாற்றை அறிந்து வைத்திருப்பது நல்லது. கிளாஸ்கோவில் தொடங்கி யாழ்ப்பாணத்தைத் தொட்டு, எங்கள் சொந்த நகரமான மொன்றியல் வரை வரும் வரலாறு இது.

அளவுகோல் முதலில் வந்தது

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியில் கலிலேயோவும் அவரைச் சுற்றியிருந்தவர்களும் கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு சூட்டின் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கத் தொடங்கினார்கள. அந்தக் குழாயில் அளவுகோல் குறித்து நோயாளிகளுக்குப் பயன்படுத்தியவர் பாதுவா நகர மருத்துவர் சன்டோரியோ. டான்சிக்கில் பிறந்து ஒல்லாந்தில் வாழ்ந்த ஃபரன்ஹைட் பாதரச வெப்பமானியைச் செம்மைப்படுத்தி, 1724இல் தன் அளவுமுறையை வெளியிட்டார். சுவீடனின் செல்சியஸ் 1742இல் நூறு பாகை அளவுமுறையைக் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள்: அவருடைய முதல் அளவில் தண்ணீர் கொதிப்பது 0, உறைவது 100. அவர் 1744இல் இறந்த பிறகுதான் அது தலைகீழாக மாற்றப்பட்டு இன்றைய முறை வந்தது.

கனடாவின் வானிலை அறிக்கை செல்சியசுக்கு மாறியது 1975 ஏப்ரல் 1ஆம் தேதி. இன்றும் எங்கள் வீட்டு அடுப்புகளில் பல ஃபரன்ஹைட்டில்தான் எண் காட்டுகின்றன. அதனால் இரண்டையும் பிள்ளைகள் தெரிந்திருக்க வேண்டியுள்ளது.

வெப்பமானி கையில் கிடைத்ததும் எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். வெப்பமானி காட்டும் எண்தான் வெப்பத்தின் அளவு என்று நினைத்தார்கள். எண் ஏறினால் வெப்பம் சேர்ந்தது, எண் நின்றால் வெப்பம் சேரவில்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

கிளாஸ்கோ வகுப்பறை

அது சரியல்ல என்று கண்டவர் ஜோசப் பிளாக். வைன் வியாபாரி ஒருவரின் மகனாக 1728இல் பிரான்சின் போர்தோ நகரில் பிறந்தவர். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் வேதியியலும் படிப்பித்தார். அவர் கவனித்ததும் எங்கள் பிள்ளைகள் கவனிப்பதும் ஒன்றே. பனிக்காலம் முடிந்து காற்றுச் சூடேறிய பிறகும் மலைப்பனி வாரக்கணக்கில் கிடக்கிறது. உருகும் பாகையை எட்டியதும் சிறிது வெப்பம் சேர்ந்தாலே எல்லாம் நீராகிவிடும் என்றால், வசந்தம் பிறந்த முதல் சூடான நாளிலேயே மலைப்பனி முழுவதும் வெள்ளமாகி ஊர்களை அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. ஏன்?

பிளாக் செய்த சோதனை எளியது. ஒரே அளவான இரண்டு கண்ணாடிக் குடுவைகளை எடுத்தார். ஒன்றில் பனிக்கட்டி. மற்றதில் அதே எடை தண்ணீர், உறைநிலைக்குச் சற்றே மேலே. இரண்டையும் ஒரு பெரிய கூடத்தில் தொங்கவிட்டார். கூடத்தின் வெப்பநிலை 47 பாகை ஃபரன்ஹைட், எங்கள் கணக்கில் ஏறத்தாழ 8 பாகை. தண்ணீர் அரை மணி நேரத்தில் 33இலிருந்து 40 பாகைக்கு ஏறியது. பனிக்கட்டி உருகி அதே 40 பாகையைத் தொட எவ்வளவு நேரம்? பத்தரை மணி நேரம்.

ஒரே கூடம், ஒரே காற்று. இரண்டு குடுவைக்குள்ளும் வெப்பம் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. அந்தப் பத்தரை மணி நேரத்தின் பெரும்பகுதியில் பனிக்கட்டிக்குள் போன வெப்பத்தை வெப்பமானி காட்டவே இல்லை. அது பனியை நீராக்கும் வேலையில் செலவானது. வெப்பமானிக்குத் தெரியாமல் மறைந்திருந்தது. அதனால் அதற்கு மறைவெப்பம் என்று பொருள்படும் பெயரை இட்டார். 1762இல் கிளாஸ்கோ அறிஞர் கழகத்தில் இதை வாசித்தார்.

இன்றைய அளவில் சொன்னால், 0 பாகையிலுள்ள ஒரு கிலோ பனியை 0 பாகைத் தண்ணீராக்க 334 கிலோயூல் வெப்பம் வேண்டும். அதே வெப்பம் ஒரு கிலோ தண்ணீரை 0இலிருந்து ஏறத்தாழ 80 பாகைக்குக் கொண்டுபோய்விடும். ஜாரி வீதிப் பனிக்குவியல் ஏப்ரல் வரை கிடப்பதன் பெரிய காரணம் இதுதான். காற்று 5 பாகைதான், கொடுக்கும் வெப்பம் கொஞ்சம் கொஞ்சம். பனி கேட்பதோ மிக அதிகம்.

பிளாக் இந்தக் கண்டுபிடிப்பைப் புத்தகமாக எழுதி வெளியிடவில்லை. வருடாவருடம் வகுப்பில் சொன்னார், செய்து காட்டினார். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். அந்தக் குறிப்பேடுகள் கைமாறிப் பரவின. அவருடைய விரிவுரைகள் அச்சில் வந்தது 1803இல், அவர் இறந்த பிறகு. பல்கலைக்கழகத்தில் கருவி செய்துகொண்டிருந்த ஜேம்ஸ் வாட் அவருடைய நண்பர். நீராவி இயந்திரத்தைத் திருத்தியவர். எடின்பரோவில் பிளாக்கிடம் படித்த பெஞ்சமின் ரஷ் அமெரிக்கா திரும்பி 1769இல் பிலடெல்பியாவில் வேதியியல் பேராசிரியரானார். இப்படி, ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு என்று வாய்மொழியாகவே இந்தப் பாடம் கடல் கடந்தது.

வட்டுக்கோட்டையும் மானிப்பாயும்

அடுத்த நூற்றாண்டில் அமெரிக்கக் கல்லூரிகளில் இயற்கை விஞ்ஞானம் வழக்கமான பாடமாக இருந்தது. அப்படிப்பட்ட கல்லூரிகளில் படித்த மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்களில் ஒருவரான டானியல் பூவர் ஐயரை அதிபராகக் கொண்டு 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி தொடங்கியது. கணிதம், வானியல், இயற்கை விஞ்ஞானம் எல்லாம் அங்கே பாடங்கள். 1855இல் அது மூடப்பட்டது. ஆனால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளாக வந்த கரோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அந்தச் செமினரியில் படித்தவர்களே.

செமினரியில் உயர்பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. தமிழிலேயே நடத்த வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1847இல் இலங்கை வந்து, பிறகு மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்தார். முதலில் ஆங்கிலத்தில் படிப்பித்தவர், 1860களில் தமிழுக்கு மாறினார். ஆங்கிலம் படித்த மருத்துவர்கள் நல்ல சம்பளத்துக்கு ஊரைவிட்டுப் போய்விடுகிறார்கள், தமிழில் படித்தவர் ஊரில் இருந்து தம் மக்களிடம் வேலை செய்வார் என்பது அவர் கண்டது. ஆனால் தமிழில் பாடநூல் இல்லை. நூலை மட்டுமல்ல, சொல்லையே உருவாக்க வேண்டியிருந்தது. முதலில் தமிழில் தேடுவது, இல்லாவிட்டால் வடமொழியில் எடுப்பது, அங்கும் இல்லாவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதுவது என்ற ஒழுங்கை வைத்துக்கொண்டார்.

உடலமைப்பு, பிரசவம், சத்திரசிகிச்சை என்று நூல்கள் வந்தன. 1875இல் 'கெமிஸ்தம்' என்ற வேதியியல் நூல் நாகர்கோவிலில் அச்சானது. அப்போது கிறீன் அமெரிக்கா திரும்பி இரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. அங்கிருந்தும் தமிழ் நூல் வேலையை அவர் விடவில்லை. 1884இல் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்று கல்லறையில் பொறிக்கக் கேட்டிருந்தார். 60க்கும் மேற்பட்ட மருத்துவர்களை அவர் உருவாக்கினார். மொழிபெயர்ப்பிலும் திருத்தத்திலும் அவர் தனியாக உழைக்கவில்லை. அவருடைய தமிழ் மாணவர்களே கூட இருந்து உழைத்தார்கள்.

சொல் உருவாக்கும் வேலை அத்தோடு நிற்கவில்லை. 1930களில் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற்களைத் திரட்டியபோது முன்னின்றவர்களில் ஒருவர், கிழக்கிலங்கைக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர். துறவு பூணுமுன் யாழ்ப்பாணம் சென். பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் படிப்பித்தவர் அவர். பிறகு இலங்கைப் பாடசாலைகளில் விஞ்ஞானம் தமிழிலேயே நடந்தது. இன்று எங்கள் கையில் வெப்பம், வெப்பநிலை, மறைவெப்பம், வெப்பமானி என்ற சொற்கள் இருக்கின்றன. பலர் பல வருடம் உழைத்துக் கிடைத்தவை.

அந்த உழைப்பின் பலன் பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒவ்வொரு மாலையும் தேவைப்படுகிறது. எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சில் படிக்கிறார்கள். வீட்டுப் பாடத்தில் "ஷலேர்" என்றும் "தம்பெரத்தூர்" என்றும் வருகிறது. "எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அண்ணாவிட்டக் கேள்" என்று அம்மா ஒதுங்கிவிடுகிறார். ஆனால் அந்த அம்மா சாதாரணதரத்தில் மறைவெப்பம் படித்தவர், கணக்கும் செய்தவர். பிரெஞ்சில் அதன் பெயர் "ஷலேர் லாத்தான்த்". லாத்தான்த் என்றால் மறைந்திருப்பது. அம்மா படித்த சொல்லும் பிள்ளை படிக்கும் சொல்லும் ஒன்றே. பொருளைப் பார்த்தால் தமிழ்ச் சொல் பிள்ளைக்கு இன்னும் சுலபம். "மறை" என்பது எங்கள் வீட்டில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த சொல்.

மக்கிலும் சென் லோரன்ஸ் நதியும்

இந்தப் பாடத்தின் இன்னோர் அத்தியாயம் எங்கள் நகரத்திலேயே எழுதப்பட்டது. புகையிலை வியாபாரி வில்லியம் மக்டொனல்ட் கொடுத்த பணத்தில் மக்கில் பல்கலைக்கழகத்தின் பௌதிகக் கட்டடம் 1893இல் திறக்கப்பட்டது. நுட்பமான காந்த அளவீடுகளைக் குழப்பாதபடி இரும்பைத் தவிர்த்து, செம்பும் பித்தளையும் வெண்கலமும் வைத்துக் கட்டினார்கள். அங்கே முதல் பேராசிரியர்களில் ஒருவராக வந்த ஹியூ கலண்டர், பிளாட்டினக் கம்பியின் மின்தடையைக் கொண்டு வெப்பநிலையை மிக நுட்பமாக அளக்கும் முறையை உருவாக்கியவர். அவரும் அவருடைய மாணவர் ஹவர்ட் பார்ன்ஸும் தண்ணீர் ஒரு பாகை சூடேற எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை இங்கே அளந்தார்கள்.

பார்ன்ஸ் அந்த வெப்பமானியை நதிக்குக் கொண்டுபோனார். கடும் குளிரில் சென் லோரன்ஸ் நதியில் ஊசி போன்ற நுண்ணிய ஐஸ் துகள்கள் தண்ணீர் முழுக்க உருவாகி, குடிநீர்க் குழாய் வாயிலும் மின்நிலையங்களின் கம்பி அடைப்பிலும் ஒட்டி எல்லாவற்றையும் அடைத்துவிடும். கியூபெக் மக்கள் இதற்கு "ஃபிராசில்" என்று பெயர் வைத்தார்கள். பிரெஞ்சில் கரித்தூளைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்த நேரத்தில் நதி எவ்வளவு குளிர்கிறது? உறைநிலைக்குக் கீழே ஒரு பாகையின் நூறில் சில பங்குகூடத் தாண்டுவதில்லை என்று பார்ன்ஸ் கண்டார். மேலே காற்று மைனஸ் 20. கீழே நதி 0ஐ விட்டு அசையவில்லை. தண்ணீர் உறையும்போது பிளாக் சொன்ன மறைவெப்பம் வெளியே வருகிறது. அதனால் வெப்பநிலை விழாமல் நிற்கிறது. வெப்பம் மட்டும் பெருமளவில் போய்க்கொண்டே இருக்கிறது.

இதிலிருந்து பார்ன்ஸ் ஒரு நடைமுறையையும் சொன்னார். நதி முழுவதையும் சூடாக்கத் தேவையில்லை. கம்பிகளை உறைநிலைக்குச் சற்றே மேலே வைத்திருக்கும் அளவு வெப்பம் கொடுத்தால் ஐஸ் ஒட்டாது. 1906இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

எங்கள் வீதிகளில்

பரீட்சைக்கு வெளியேயும் இந்த வித்தியாசம் எங்களுக்குத் தேவைப்படுகிறது. குளிர்காலத்தில் வானொலி "மைனஸ் 18, காற்றோடு சேர்த்து மைனஸ் 28" என்கிறது. எது உண்மை என்று பிள்ளைகள் கேட்பார்கள். இரண்டும் உண்மை. முதல் எண் வெப்பநிலை. இரண்டாவது, காற்று எங்கள் உடலிலிருந்து எவ்வளவு வேகமாக வெப்பத்தை எடுத்துப்போகிறது என்பதைச் சொல்லும் எண். இதற்கு வழிகாட்டியவர் போல் சைப்பிள். 19 வயதில் சாரணராக அந்தாட்டிக்காவுக்குப் போனவர். பின்னொரு பயணத்தில் அவரும் சார்ல்ஸ் பாசலும் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் குப்பியைக் காற்றில் தொங்கவிட்டு, அது உறைய எடுக்கும் நேரத்தை அளந்தார்கள். 1945இல் முடிவுகள் வெளிவந்தன. 2001இல் கனடாவும் அமெரிக்காவும் கணக்கைத் திருத்தின. வெளியே நிற்கும் கார் எவ்வளவு காற்றடித்தாலும் மைனஸ் 18க்குக் கீழே போகாது. ஆனால் மூடாத கன்னமும் காதும் வெப்பத்தை வேகமாக இழக்கும். காற்றுக்குளிர் மைனஸ் 28ஐத் தாண்டினால் 10 முதல் 30 நிமிடத்துக்குள் தோல் உறையத் தொடங்கலாம். "தொப்பி வேண்டாம்" என்று பஸ் தரிப்பிடத்தில் நிற்கும் தம்பிக்கு அதட்டலைவிட இந்த விளக்கம் பிடிபடும்.

கோடையில் ஆபத்து மறுபக்கத்தில் வரும். 2018 ஜூலை தொடக்கத்தில் மொன்றியலில் வெப்பநிலை 36 பாகையைத் தாண்டியது. அந்த வெக்கை நாட்களில் நகரத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பொதுச் சுகாதாரத் துறை பின்னர் கணக்கிட்டது. பெரும்பாலானோர் முதியவர்கள், ஏசி இல்லாத வீடுகளில் இருந்தவர்கள். பார்க் எக்ஸ்டென்ஷனில் செங்கல்லும் தாரும் தட்டைக் கூரையும் அதிகம். நிழல் மரம் குறைவு. லக்காடி பெருவீதிக்கு மறுபக்கம், 1960இல் போட்ட வேலிக்கு அப்பால், மவுண்ட் றோயல் நகரத்தில் மரங்கள் அடர்ந்திருக்கின்றன. ஒரே வெயில்தான். ஆனால் எங்கள் சுவர்கள் பகல் முழுக்க வெப்பத்தைச் சேர்த்து இரவிலும் விட்டுக்கொண்டே இருக்கும். இரவு வெளியே 22 பாகை என்று போன் சொன்னாலும், மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் அம்மம்மாவின் அறை அப்படி இராது.

உடல் தன்னைக் குளிர்விக்கும் வழியும் மறைவெப்பமே. வியர்வை ஆவியாகும்போது தோலிலிருந்து வெப்பத்தை எடுத்துப்போகிறது. காற்றில் ஈரம் நிறைந்த நாளில் வியர்வை ஆவியாகாமல் வடிந்துவிடும். வெப்பம் உள்ளேயே தங்கும். வயதாக ஆக வியர்ப்பதும் தாகம் எடுப்பதும் குறையும். ஈரத்துணியால் கை கால்களைத் துடைத்து விடுவதும், தண்ணீர் குடிக்கக் கொடுப்பதும், சில மணி நேரமாவது குளிரூட்டிய இடத்துக்குக் கூட்டிப்போவதும் ஏன் உயிர் காக்கும் என்பதைப் பிள்ளைகள் இப்படிப் புரிந்துகொள்ளலாம்.

எப்படிச் சொல்லிக் கொடுப்பது

1825இல் லண்டன் றோயல் நிறுவனத்தில் சிறுவர்களுக்கான கிறிஸ்மஸ் விரிவுரைகள் தொடங்கின. மைக்கல் பரடே 19 தடவை அவற்றை நடத்தினார். கொல்லன் மகன், புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகியவர். ஒரு மெழுகுதிரியை மேசையில் வைத்து வேதியியல் முழுவதையும் விளக்கினார். வீட்டிலுள்ள பொருளை எடு, பிள்ளையின் கண்முன் செய்து காட்டு என்பதே அவருடைய வழி. நாங்களும் அப்படியே செய்யலாம்.

ஒரு சட்டி நிறையப் பனி அள்ளி வந்து, அறைச் சூட்டில் சிறிது நேரம் வைத்து ஈரமாக்குங்கள். பிறகு மெல்லிய நெருப்பில் வைத்து, சமையல் வெப்பமானியால் கலக்கி, நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணை எழுதச் சொல்லுங்கள். அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். பனி முடியும்வரை எண் 0ஐ ஒட்டியே நிற்கும். "அப்ப அந்தச் சூடு எங்க போச்சுது?" என்று பிள்ளையே கேட்கும். அதுவரை விடையைச் சொல்லாதிருங்கள்.

மத்தாப்புப் பொறியையும் ஒரு வாளி வெந்நீரையும் ஒப்பிடுங்கள். பொறியின் வெப்பநிலை ஆயிரம் பாகையை எட்டும். ஆனால் அது மிகச் சிறியது, அதிலுள்ள வெப்பம் சொற்பம். வாளி நீர் 40 பாகைதான். ஆனால் குளிர்ந்த அறையை அதுதான் கொஞ்சமாவது சூடாக்கும். அறையிலுள்ள மரக்கதவையும் உலோகக் கைப்பிடியையும் தொடச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வெப்பநிலை. கைப்பிடி கையின் வெப்பத்தை வேகமாக எடுப்பதால் குளிர்கிறது. அடுப்பருகில் பெரியவர் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும்.

வயது கூடியவர்களுக்கு இன்னொரு படி சொல்லலாம். பொருளுக்குள் துகள்கள் ஓயாமல் அசைகின்றன. வெப்பநிலை அந்த அசைவின் சராசரி ஆற்றலைக் காட்டுகிறது. வெப்பம் என்பது சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் போகும் ஆற்றல். வெப்பம் ஒரு திரவம் போன்ற பொருள் என்று பிளாக் காலத்தவர்கள் நினைத்தார்கள். 1798இல் ரம்ஃபர்ட் பீரங்கி துளைக்கும்போது வெப்பம் முடிவில்லாமல் வருவதைக் காட்டினார். 1840களில் ஜூல் அதை அளந்தார். அதன் பிறகே இன்றைய விளக்கம் நிலைத்தது. விஞ்ஞானிகளுக்கே இத்தனை காலம் எடுத்த பாடம் ஒரு வகுப்பில் விளங்கவில்லை என்றால் பிள்ளை மக்கு அல்ல என்பதையும் சொல்லுங்கள்.

இந்த வேலையை யார் செய்வது? பிரெஞ்சில் பாடம் கேட்டு, தமிழில் வீட்டில் பேசும் வாலிபர் நாங்கள்தான் பொருத்தமானவர்கள். கிறீனுடைய மாணவர்கள் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் நடுவில் நின்று செய்ததை, நாங்கள் பிரெஞ்சுக்கும் தமிழுக்கும் நடுவில் நின்று செய்யலாம். சொற்களை அவர்கள் தேட வேண்டியிருந்தது. எங்களுக்கு அவை ஆயத்தமாக இருக்கின்றன. சனிக்கிழமை வகுப்பில் ஒரு மணி நேரமும் ஒரு சட்டிப் பனியும் போதும். வெக்கை நாட்கள் வரும்போது, மேல்மாடிகளில் தனியே இருக்கும் பெரியவர்களை எட்டிப் பார்க்கப் போகையில், ஒரு வெப்பமானியோடு அந்தப் பிள்ளைகளையும் கூட்டிப்போவோம். அறையின் எண்ணை அவர்களே படித்துச் சொல்லட்டும். ஈரத்துணியை அவர்களே நனைத்துக் கொடுக்கட்டும்.